மூலமும் உரையும்: ஓப்பரா மேடை குறித்து ஒரு வழக்கு

ஓப்பரா அரங்குகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. பழைய படைப்பொன்றைச் சமகால உடையில், சமகாலக் களத்தில் ஓர் இயக்குநர் நிகழ்த்துகிறார். திரை விழுந்ததும் அவையில் ஒரு சாரார் கூச்சலிடுகின்றனர். அவர்கள் வாதம் எப்போதும் ஒன்றே: இசையமைப்பாளர் எண்ணியது இதுவன்று. படைப்பாளியின் எண்ணத்திற்கு வழக்கறிஞராக வரும் இவர்களை நாம் சற்றுக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

வெர்டியின் ‘லா திராவியாத்தா’வை எடுத்துக்கொள்வோம். 1847இல் பாரிஸில் இறந்துபோன ஒரு பெண்ணின் வாழ்வைத் தழுவி இளைய துமா எழுதிய கதையே அதன் ஊற்று. 1853இல் வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் அது மேடையேறியபோது, பாத்திரங்கள் அன்றைய உடையிலேயே தோன்றவேண்டும் என்று வெர்டி விரும்பினார். அதிகாரிகள் இணங்கவில்லை, கதை 1700ஆம் ஆண்டுவாக்கில் நிகழ்வதாக மாற்றப்பட்டது. இதன் உட்பொருளை உணர்வது கடினமன்று. தம்மைப் போலவே உடுத்திய ஒரு கூட்டம் ஒரு பெண்ணை நுகர்ந்துவிட்டுக் கைவிடுவதைக் காண அவைக்குக் கூசும். முன்னோர் காலத்துக் கதையென்றால் கண்ணீர் சிந்திவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். இன்று ‘மரபு’ என்று போற்றப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டாடைகள் வெர்டிக்குச் சமகால உடை. நமக்கோ அருங்காட்சியக உடை. அவர் விரும்பிய ஆடையை அணிவித்தே, அவர் விரும்பாத விலகலை நாம் உண்டாக்கிவிடுகிறோம். 2005இல் சால்ஸ்பர்க் விழாவில் வில்லி டெக்கர் ஏறக்குறைய வெற்று மேடையில், பெரியதொரு கடிகாரத்தின் அருகே, கறுப்புக் கோட்டணிந்த கூட்டத்தின் நடுவே, சிவப்பு உடையில் அந்தப் பெண்ணை நிறுத்தினார். வெர்டி கேட்டது 152 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது என்றே நாம் சொல்வோம்.

மரபு சூதுவாது அறியாதது என்பதும் பொய். 1882இல் வாக்னர் பைராய்த்தில் அரங்கேற்றிய ‘பார்சிஃபால்’ காட்சியமைப்பு, அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள், 1933 வரை, திருவுருவம் போல் பேணப்பட்டது. அதே பைராய்த்தான் ஹிட்லர் கொண்டாடிய தலமாகவும் ஆயிற்று. போருக்குப் பின் 1951இல் விழா மீண்டும் தொடங்கியபோது, பேரன் வீலாண்ட் வாக்னர் பழைய காட்சித் திரைகளையெல்லாம் அகற்றி ஒளியைக் கொண்டே மேடையை அமைத்தார். அந்த வெறுமை அழகியல் தேர்வு மட்டுமன்று. கறைபட்ட அலங்காரங்களோடு அவ்விசையை இனிக் கேட்க இயலாது என்ற நிலையும் அதில் உண்டு. 1976இல் ‘நீபெலுங்கின் மோதிரம்’ நூற்றாண்டு நிகழ்வில் பாட்ரீஸ் ஷெரோ ரைன் நதியின் குறுக்கே அணைக்கட்டை எழுப்பியபோது கூச்சல் விண்ணைப் பிளந்தது. 1980இல் அதே தயாரிப்பின் கடைசி நிகழ்வுக்குப் பின் கைதட்டல் ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடித்தது. நான்கே ஆண்டுகளில் அவமதிப்பு மரபாகிவிட்டது.

அப்படியானால் எதையும் செய்யலாமா? ஆகாது. மூலம் வேறு, உரை வேறு என்பது உரையாசிரியர்களிடம் நாம் கற்ற பாடம். உரைகாரர் தம் காலத்தில் நின்று பொருள் காணலாம். மூலத்தைத் திருத்த அவருக்கு உரிமையில்லை. ஓப்பராவில் மூலம் என்பது இசை. ‘தோஸ்கா’வின் இரண்டாம் அங்க முடிவில், தான் குத்திக் கொன்ற ஸ்கார்ப்பியாவின் உடலருகே தோஸ்கா இரு மெழுகுவர்த்திகளை வைக்கிறாள், அவன் மார்பில் சிலுவையைக் கிடத்துகிறாள். அச்செயலின் அசைவுக்கேற்பப் புச்சீனி இசையெழுதியிருக்கிறார். 2009இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் லுக் போந்தி அச்செயலை நீக்கினார்; இசை ஒலித்தது, அது சொன்ன செயல் மேடையில் இல்லை. 2018இல் ஃபிளாரன்ஸில் கார்மென் கொலையுண்பதற்கு மாறாக ஹோசேவைச் சுட்டாள். பெண் கொலைக்குக் கைதட்டலாகாது என்ற எண்ணம் உயர்ந்ததே. ஆனால் பீசேயின் இசை முன்னிசையிலிருந்தே அவள் சாவை அறிவித்துக்கொண்டு நடக்கிறது. கொலையை அழித்தால் அதன்மீது அவ்விசை சுமத்தும் குற்றச்சாட்டும் அழிந்துபோகிறது.

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வெர்டி காலத்து அவை புதிய ஓப்பராக்களைக் கேட்கக் கூடியது. இன்றைய பெரிய அரங்குகள் பெரும்பாலும் மறைந்தவர்களின் படைப்புகளையே சுற்றிச்சுற்றி நிகழ்த்துகின்றன. புதிய படைப்புக்கு வாசல் குறுகிப்போனதால் நிகழ்காலம் முழுவதும் இயக்குநரின் தோளில் ஏறிக்கொள்கிறது. சுமை தாளாமல் அவர் சில வேளை மூலத்தையே நசுக்கிவிடுகிறார். கூச்சலிடும் அன்பர்கள் புதிய ஓப்பராக்களுக்கும் நுழைவுச்சீட்டு வாங்குவார்களானால் பாதி நோய் தீரும்.

உடையை மாற்றலாம், ஊரை மாற்றலாம், நூற்றாண்டையும் மாற்றலாம். இசை மூச்சடக்கும் இடத்தில் அவையும் மூச்சடக்குகிறதா என்பதொன்றே கேள்வி. அது நிகழாத மேடை, பட்டு உடுத்தினாலும் ஜீன்ஸ் உடுத்தினாலும், படைப்பாளிக்கு இழைக்கும் துரோகமே.