வாரம் ஒரு ஆல்பம்... வீடே கேட்கட்டும்!



"உங்க வீட்டுல இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொள்ளும் நாம், "உங்க வீட்டுல இப்போ என்ன பாட்டு ஓடுது?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். காரணம், பாட்டு இப்போது வீட்டில் ஓடுவதில்லை; ஆளாளுக்குக் காதில் ஓடுகிறது. நாலு பேர் இருக்கும் வீட்டில் நாலு செல்போன், நாலு பாட்டு. அதுவும் பல்லவி முடிவதற்குள் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறார்கள்.

கேசட் காலத்தில் 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கம் அரை மணி. பிடித்த பாட்டுக்காகப் பிடிக்காததையும் கேட்போம். பத்து நாளில் அதுவும் பிடித்துப்போகும். நம்ம மதுரையில் பிறந்த எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத எத்தனையோ பாட்டிகள் அந்த வடமொழி சுலோகங்களை அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். யார் சொல்லிக் கொடுத்தது? வாசல் தெளிக்கும்போது காதில் விழுந்ததுதான்!

அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரே ஆல்பம், எல்லோர் காதிலும் விழும்படி. நடுவில் தாவக் கூடாது. வாரத்துக்கு ஒருவர் முறை.

என் முறைக்கு எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை. எங்க அழகருக்கு நூறு பாத்திரம் வெண்ணெயும் நூறு பாத்திரம் அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவளாச்சே ஆண்டாள்! அவளுடைய பாசுரங்களுக்கு ராகம் அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். மகன் போட்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). சினிமாவுக்காகப் போட்ட இசை இல்லை. தியாகராஜருக்கும், பாக் என்ற ஜெர்மன் இசை மேதைக்கும் காணிக்கையாகச் செய்தது. பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் எங்கே போய் நின்றிருக்கிறார், பாருங்கள்!

மாமனார் முறை வந்தது. "எனக்கு ஏதும்மா ஆல்பம்?" என்றார். சித்திரைத் திருவிழாவுக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் பாடும் அழகர் வர்ணிப்பு அவருக்கு மனப்பாடம். "நீங்களே பாடுங்க மாமா" என்றோம். மகள் செல்போனில் பதிவு செய்தாள். பேராசிரியர் தொ.பரமசிவன் 'அழகர்கோயில்' என்ற ஆய்வு நூலில் இந்த வர்ணிப்புகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வார்த்தைகள் புத்தகத்தில் கிடைக்கலாம். ஆனால் ஒரு பெரியவர் இழுத்து, நிறுத்திப் பாடும் மெட்டு, பதிவு செய்யாவிட்டால் அவரோடு போய்விடும். உங்கள் அம்மாவின் தாலாட்டும், பாட்டியின் கும்மிப் பாட்டும் அப்படித்தான்.

"வேலைக்கே நேரமில்லை, இதில் பாட்டு வேறயா?" என்பீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாமே! டி.வி. ரிமோட்டுதான் நம் கைக்கு வருவதில்லை. வாரம் ஒரு மணி நேரமாவது, 'அம்மாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?' என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? எதிரெதிரே உட்கார்ந்தும் பேச்சில்லாத வீட்டில், ஒரு பாட்டு முடிந்ததும் நாலு வார்த்தை தானாக வருகிறது.

உங்க வீட்டுல என்ன ஓடுது? அடுத்த வாரம் நீங்க எழுதுங்க. எங்க முறைக்கு அதையே போட்டுடறோம்!

- ஒரு குடும்பத் தலைவி, அழகர்கோவில்.