லூப் எழுதும் முன் பென்சிலை எடுங்கள்

சென்ற விடுமுறையில், எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் ஒரு புதிருடன் வந்தான். 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஒரே ஒரு முறை வரும் ஒன்பது இலக்க எண் வேண்டும். அதில் முதல் இரண்டு இலக்கங்கள் சேர்ந்த எண் 2ஆலும், முதல் மூன்று 3ஆலும், இப்படியே போய் முழு எண் 9ஆலும் மீதியின்றி வகுபட வேண்டும்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே! உடனே லேப்டாப்பைத் திறந்து பைத்தானில் ஒரு லூப் எழுதினேன். ஒன்பது இலக்க எண்கள் மொத்தம் 90 கோடி. காபி குடித்து முடித்தும் புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, ஒன்பது இலக்கங்களை இடம் மாற்றி அடுக்கிப் பார்க்கும்படி திருத்தினேன். 3,62,880 வரிசைகள்தான். 381654729 என்று விடை வந்துவிட்டது.

"இது ஒண்ணுதானா மாமா? ஏன் வேற இல்லை?" என்றான்.

"கம்ப்யூட்டர் சொல்லுதே" என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

இருவரும் பேப்பருடன் உட்கார்ந்தோம். முழு எண்ணின் இலக்கக் கூட்டல் 45. எனவே 9ஆல் வகுபடுவது பற்றிக் கவலையில்லை. ஐந்தாம் இடத்தில் 5 மட்டுமே வரும். 2, 4, 6, 8ஆம் இடங்களில் இரட்டைப்படை இலக்கங்கள், மற்றவற்றில் ஒற்றைப்படை. மூன்றாம் இடம் ஒற்றைப்படை என்பதால், 4ஆல் வகுபட நான்காம் இடத்தில் 2 அல்லது 6 வர வேண்டும். 8ஆல் வகுபடுவது 4ஆலும் வகுபடும் என்பதால் எட்டாம் இடத்திற்கும் இதே கதிதான். ஆக, 4ம் 8ம் இரண்டாம், ஆறாம் இடங்களுக்கு. முதல் மூன்று இலக்கங்களும் முதல் ஆறும் 3ஆல் வகுபடுவதால், நடுவில் உள்ள மூன்றின் கூட்டலும் 3ஆல் வகுபட வேண்டும். அங்கே 258 அல்லது 654 மட்டுமே பொருந்தும். 8க்கும் 3க்கும் உரிய விதிகளை இன்னொரு முறை போட்டால் மிஞ்சுவது பத்தே எண்கள்! 7க்கு எளிய குறுக்கு வழி இல்லை. பத்தையும் வகுத்தே பார்த்தோம். ஒன்பது விழுந்தன.

"ஏன் வேற இல்லை" என்பதற்குப் பதில் இதுதான். என் புரோகிராம் விடையைத் தந்தது, காரணத்தைத் தரவில்லை. கோடிங் வகுப்புக்குக் குழந்தைகளை அனுப்பும் பெற்றோர், அங்கே முதலில் எதைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். லூப் எழுதுவது தவறல்ல. பேப்பரில் போட்டதைச் சரிபார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பேப்பருக்குப் பதிலாக அதைக் கொடுப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

எக்ஸெல்லில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இலக்கங்கள் திரும்ப வரலாம், பூஜ்யமும் வரலாம் என்று விதியைத் தளர்த்தினால், இந்த வகையில் மிகப் பெரிய எண் 25 இலக்கங்கள் கொண்டது: 3608528850368400786036725. இதை ஒரு செல்லில் டைப் செய்து, பார்மட்டை நம்பர் என மாற்றுங்கள். எக்ஸெல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். மீதிப் பத்தும் பூஜ்யமாகிவிடும், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.