சாஃப்ட்வேர் கருவி வாங்கும்போது சாவி யார் கையில் இருக்கிறது?

கடைக்கு பில்லிங், பள்ளிக்குக் கட்டணக் கணக்கு, மருத்துவமனைக்கு டோக்கன் வரிசை என்று எதற்கு சாஃப்ட்வேர் கேட்டாலும் இன்று முதலில் சொல்லப்படுவது 'லோ-கோடு'. ப்ரோகிராம் எழுதத் தெரியாதவர்கூட ஃபார்ம் வரைந்து, பட்டனை இழுத்துப் போட்டு, சில நாளில் ஆப் செய்துவிடலாம் என்கிறார்கள் விற்பவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த வாக்குறுதிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

நாலாம் தலைமுறை என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியும் 0, 1 மொழி முதல் தலைமுறை. அசெம்பிளி இரண்டாவது. கோபோல், சி போன்றவை மூன்றாவது. இந்த மூன்றிலும் வேலையை 'எப்படிச் செய்வது' என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். ஃபைலைத் திற, ஒவ்வொரு வரியாகப் படி, பாக்கி இருந்தால் அச்சிடு, ஃபைலை மூடு என்று நீளும். நாலாம் தலைமுறையில் 'கட்டண பாக்கி உள்ள மாணவர் பட்டியல் வேண்டும்' என்பதை ஒரே வரிக் கட்டளையில் கேட்டுவிடலாம். 'எப்படி' என்பதை மொழியே பார்த்துக்கொள்ளும்.

90களில் தமிழகத்து கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளில் இருந்த டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக், ஆரக்கிள் எல்லாம் இந்த அலையில் வந்த பெயர்கள்தான். கறாராகப் பார்த்தால் விஷுவல் பேசிக்கும் டெல்பியும் மூன்றாம் தலைமுறை மொழி மேல் கட்டிய கருவிகள். சந்தையில் எல்லாம் ஒரே வரிசையில்தான் போட்டியிட்டன.

அன்றைய போட்டியில் ஜெயித்தது யார்?

சாதாரண பிசியிலேயே ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சட்டென்று தேடித் தந்தது ஃபாக்ஸ்புரோ. ஆனால், ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. திரை வடிவமைக்க விஷுவல் பேசிக் சுலபம். டேட்டாபேஸிலிருந்து எடுத்ததை அப்படியே திரையில் காட்டித் திருத்த பவர்பில்டரின் 'டேட்டாவிண்டோ' கெட்டிக்காரத்தனமானது. டெல்பியில் செய்த ப்ரோகிராம் வேகமாக ஓடும். ஆரக்கிள் ஃபார்ம்ஸ் பெரிய அலுவலகத்துக்குப் பொருத்தம், ஆனால் ஆரக்கிள் டேட்டாபேஸோடு கட்டுண்டது.

அன்று பத்திரிகைகளும் கம்பெனிகளும் ஒப்பிட்டது இவற்றைத்தான். கடைசியில் தீர்ப்பு சொன்னதோ வேறு ஒன்று.

ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனியை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இனி புதிய பதிப்பு கிடையாது என்று 2007-ல் அறிவித்தது. 2015-ல் ஆதரவும் நின்றது. 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-க்கு அடுத்து வந்த டாட்நெட் பதிப்பு பெயரளவில்தான் அதன் வாரிசு. பழைய ப்ரோகிராமை அதில் அப்படியே ஓட்ட முடியாது, திருத்தி எழுத வேண்டியிருந்தது. பவர்பில்டர் பவர்சாஃப்டிலிருந்து சைபேஸ், அங்கிருந்து எஸ்ஏபி, இப்போது ஆப்பியான் என்று கைமாறியது. டெல்பி 2008-ல் போர்லாண்டை விட்டு எம்பார்கடேரோவுக்குப் போனது. தரம் கெட்டதால் நடந்தவை அல்ல இவை. முதலாளியின் வியாபாரத் திட்டம் மாறியது, அவ்வளவுதான்.

இன்றும் அசையாமல் நிற்கும் நாலாம் தலைமுறை மொழி ஒன்று உண்டு: எஸ்கியூஎல். 1986-லேயே அது அமெரிக்கத் தர நிர்ணயமாகிவிட்டது. ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட், இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் என யாரிடம் போனாலும், சின்னச் சின்ன வித்தியாசங்களைத் தவிர, மொழி ஒன்றுதான். ஒரு கடை மூடினால் அடுத்த கடை.

லோ-கோடில் ஆபத்து கூடுமா?

கூடும். ஃபாக்ஸ்புரோ நின்றபோது அதில் செய்த ப்ரோகிராம் நிற்கவில்லை. வாங்கியவரின் கம்ப்யூட்டரிலேயே ஃபைல் இருந்ததால் இன்றும் ஓட்டலாம். கிளவுடில் அந்த நிம்மதி கிடையாது. கூகுளின் 'ஆப் மேக்கர்' 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் செய்த ஆப்கள் அன்றோடு நின்றன. டேட்டாவைத் தனியே காப்பாற்றலாம், ஆப்பை வேறு தளத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டும். சொந்த வீடு பழசானால் ஒழுகும். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் அன்றே கிளம்ப வேண்டியதுதான்.

அதற்காக லோ-கோடு வேண்டாம் என்பதல்ல. விடுப்பு விண்ணப்பம், வருகைப் பதிவு, ஒரு நிகழ்ச்சிக்கான பெயர்ப்பதிவு போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். பவர் ஆப்ஸ், ஸோஹோ கிரியேட்டர், அவுட்சிஸ்டம்ஸ் எதுவானாலும் சரி. ஆனால், பத்து வருஷம் தாங்க வேண்டிய கணக்கு, நோயாளி விவரம், சம்பளப் பட்டியல் என்றால் டெமோவைப் பார்த்து மயங்கக் கூடாது.

விற்க வருபவரிடம் நாலு கேள்வி கேட்டால் போதும். மொத்த டேட்டாவையும் நாமே எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாமா? நம் ஆப் வேறு இடத்தில் ஓடுமா? பத்து பேர் நூறு பேரானால் கட்டணம் என்னவாகும்? செய்துகொடுத்தவர் போய்விட்டால் இந்தக் கருவி தெரிந்த வேறு ஆள் பக்கத்தில் கிடைப்பாரா?

முதல் கேள்விக்கே மழுப்பலான பதில் வந்தால், கருவி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வருவதே நல்லது.