பச்சை மலையில் ஒரு சாண் வெளி இல்லையா?

எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தம்பதன்னையின் லிப்டன் ஆசனத்தையும் காண உலகம் திரண்டு வருகின்றது. ஊவாவின் பசுமையைக் கண்டு வியக்கின்றது. அப்பசுமையின் நடுவே, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முடங்கிக் கிடப்பதை எவர் காண்கின்றனர்? இஸ்தோப்பைத் தாண்டினால் கானு. கானுவைத் தாண்டினால் தேயிலை. பிள்ளை ஓடியாடும் முற்றமும் அந்தக் கானுவின் கரையே.

வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் பரவினால், “தோட்டத்தாருக்குச் சுத்தம் தெரியாது” என்று நகரத்துக் கனவான்கள் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். வழக்கை விசாரியாமல் வழங்கும் தீர்ப்பன்றோ இது!

கொக்கிப்புழுவின் வரலாற்றைப் பாருங்கள். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதனை ஒழிக்க முனைந்தனர். மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது. ஆனால் மலத்தோடு ஈரமண்ணில் விழும் முட்டை குஞ்சாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலேறும். மலசலகூடத்துக்குச் செலவிடத் துரைமார் தயங்கினர். மருந்து என்ன செய்யும்?

பீலித் தண்ணீரின் கதையும் அதுவே. ஊற்றுக்கண்ணின் மேலே மரம் நின்றால்தான் நீர் தெளியும் என்பதை வெலிமடை விவசாயி அறிவார். மேலே மலக்குழியும் கீழே பீலியும் இருக்க, நோய் வந்ததற்குக் குடிப்பவனைக் குற்றவாளியாக்குவது எந்த நீதி?

சட்டமும் நமக்குத் துணை நிற்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டத்துக்குள் செல்லத் தடையாக நின்றது. வாக்கு மட்டும் தோட்டத்திலிருந்து சபைக்குத் தாராளமாகச் சென்றது! 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு!

நாம் பூங்கா கேட்கவில்லை. லயனைச் சுற்றி விளையாடவும் துணி உலர்த்தவும் திறந்த வெளி, மூடிய கானு, ஊற்றுக்குக் கீழே மலசலகூடம், ஊற்றுக்கு மேலே மரம்: இவற்றையே கேட்கின்றோம். தேயிலை நிலம் குறையும் என்று கம்பெனிகள் சொல்லுமாம். பராமரிப்பின்றிக் காடேறிக் கிடக்கும் மலைகளை முதலில் எண்ணிக் காட்டட்டும். 1992 முதல் முகாமைதான் அவர்களிடம் உள்ளது. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்றும் அரசுடையதே.

தடை நீங்கிய பின்னும் லயன்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? அயலாரை அல்ல, நம் வாக்கைப் பெற்றுச் சபையில் அமர்ந்துள்ள நம்மவரையே முதலில் கேட்கின்றோம். அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் கணக்கை வைக்கட்டும்.