நொச்சியும் மதிலும்

சாந்தோமை அடுத்த நொச்சிக்குப்பத்தைக் கடக்கும்போதெல்லாம், தமிழ் படித்தவர்களாகிய நமக்குப் புறத்திணை நினைவுக்கு வருகிறது. நொச்சி என்பது மதில் காத்தல். ஊர்ப்பெயர் செடியால் வந்ததாகவே இருக்கலாம். ஆயினும் அப்பெயர் ஒரு கேள்வியை எழுப்புகிறது: மதிலை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்?

வகுப்பறையில் அது வெறும் வரையறை. தொல்காப்பியம் முற்றுகையையும் காவலையும் உழிஞையிலேயே அடக்கியது; புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனியே பிரித்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்த திணைக்குப் போய்விடுகிறோம். மாணவர் மனத்தில் ஒரு கல்கூட எழும்புவதில்லை.

கல்லோ கண்முன் இருக்கிறது. பீகாரின் ராஜகிருகத்தில் செதுக்காத பெருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கி, இடுக்குகளில் சிறுகற்களைத் திணித்து, குன்றுகளின்மேல் சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பிய மதில் மௌரியருக்கும் முற்பட்டது. நம் புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் அகழியும் மதில்மேடும் இன்றும் தெரிகின்றன. 2021இலும், பிறகு மாநிலத் தொல்லியல் துறையால் 2023இலும் நடந்த அகழாய்வுகள் அதைச் சங்ககாலத்தோடு இணைத்துள்ளன.

இத்தகைய செய்தி வந்ததும், எத்தனை ஆண்டுப் பழமை, எந்த அரசன் என்றுதான் கேட்கிறோம். இவை மதிலைக் கட்டுவித்தவனைப் பற்றிய கேள்விகள். மதிலில் நின்றவனைப் பற்றி அகழாய்வுக்குழி அதிகம் பேசாது; இலக்கியம் பேசும். புறநானூற்றின் 271ஆம் பாட்டில் வெறிபாடிய காமக்கண்ணியார் கோட்டையின் உயரத்தைப் பாடவில்லை. மகளிர் தழையாக உடுத்த அதே நொச்சி, காவல் நின்று மடிந்தவனின் குருதியில் தோய்ந்து கிடக்க, ஊன் என எண்ணிப் பருந்து கவர்ந்து செல்வதைப் பாடுகிறார்.

பாட்டைக் கொண்டு மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்கச் சொல்லவில்லை. அகழாய்வு அறிக்கையையும் அப்பாட்டையும் ஒரே பாடமாக வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இல்லையேல் முன்னது பெருமைப் பேச்சாகவும், பின்னது தேர்வு வினாவாகவும் முடிந்துவிடும்.

தொடங்குவதற்குப் பொற்பனைக்கோட்டை வரை போகவேண்டியதில்லை. சாந்தோமில் போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையை 1672இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கோல்கொண்டா, டச்சுப் படைகளின் முற்றுகைக்கு 1674இல் அவர்கள் பணிந்தபின் மதில்கள் இடிக்கப்பட்டன. மாணவரை நொச்சிக்குப்பத்துக்கு அழைத்துச் சென்று, மதில் இல்லாத அந்தக் கரையில் நின்று பாட்டைப் படிக்கலாம்.