வெயிலைத் திட்டுகிறவர்கள்

"என்ன வெயில், என்ன வெயில்!" என்று நம்மவர்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் திட்டுகிறார்கள். திட்டிவிட்டு, காலையில் குளிக்கப் போகும்போது கீசர் சுவிட்சைப் போடுகிறார்கள். மொட்டை மாடியில் காசில்லாமல் வந்து விழுகிற சூட்டைத் தூற்றுவது. மாடிக்குக் கீழே அதே சூட்டைக் கம்பி வழியாக விலைக்கு வாங்குவது. இந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது?

கோயம்புத்தூரில் என் வீட்டு மாடியில் ஒரு சூரிய வெந்நீர்ப் பெட்டியை நானே செய்ய ஆரம்பித்தபோது, கேலி செய்ய வந்தவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். ஒருவர் முப்பது வருஷம் காலேஜில் பௌதிகம் போதித்தவர். "இதெல்லாம் நமக்கெதுக்குங்க? கம்பெனிக்காரன் செய்ய வேண்டிய வேலைங்க" என்றார். சூடேறிய நீர் லேசாகி மேலே போகும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்று வருஷா வருஷம் பையன்களுக்குப் படம் போட்டுக் காட்டியவர் அவர்!

அந்த ஒரு விதிதான் இந்தக் கருவியின் ரகசியம் முழுவதும். தட்டையான ஒரு பெட்டி, உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பூசிய தகடு, தகட்டோடு இறுகப் பொருந்திய குழாய்கள், மேலே கண்ணாடி, பின்னால் சூடு போகாமலிருக்கக் கண்ணாடிப் பஞ்சு. பெட்டியைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். கோவைக்கு 11 பாகை; மார்கழி வெயிலையும் பிடிக்க வேண்டுமானால் இன்னும் 10 பாகை கூட்டலாம். போர்வை சுற்றிய தொட்டியின் அடி, பெட்டியின் தலைக்கு ஓர் அடியாவது மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் இரவில் நீர் எதிர்த்திசையில் சுற்றி, பகலில் சேர்த்த சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். தொட்டியின் தலையில் ஆவி போக ஒரு திறந்த குழாய் அவசியம். பம்ப் வேண்டாம், நீர் தானே சுற்றும்.

கணக்கும் பெரிதல்ல. 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 5 யூனிட் அளவுக்குச் சூடு விழுகிறது. 2 சதுர மீட்டர் பெட்டி அதில் பாதியைப் பிடித்தாலே போதும்.

இது புது மாயமுமல்ல. 1767-இல் ஜெனீவாவில் சொசூர் என்பவர் கண்ணாடிப் பெட்டியில் வெயிலைப் பிடித்துக் காட்டினார். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கெம்ப் என்பவர் சூரிய வெந்நீர்க் கருவிக்குப் பேட்டண்ட் வாங்கினார். 1909-இல் கலிபோர்னியாவில் பெய்லி தொட்டியைத் தனியே பிரித்து, இரவிலும் சூடு நிற்கும்படி செய்தார். பிறகு அங்கே மலிவாக எரிவாயு கிடைத்தது. ஜனங்கள் வெயிலை மறந்தார்கள். அவர்களுக்காவது அந்தச் சாக்கு இருந்தது. நமக்கு என்ன சாக்கு?

என் பெட்டி முதலில் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். பஞ்சுக்குப் பதில் தெர்மோகோல் வைத்தேன். நீரில்லாமல் வெயிலில் கிடந்த பெட்டிக்குள் அது சுருண்டுபோயிற்று. அதை மாற்றிய பிறகும் நீர் சுற்றவில்லை. மூன்று நாள் நானும் பேராசிரியரும் விதியைப் பற்றி விவாதித்தோம். நாலாம் நாள் குழாய்க்காரர் வந்தார். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். குழாயின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க மேடு தட்டுதுங்க. காத்து நின்னுக்கிச்சு. தொட்டி வரைக்கும் ஏறிக்கிட்டே போகோணுங்க" என்றார். மேட்டை எடுத்தார். மாலையில் நீர் கையைச் சுட்டது.

எங்களுக்கு விதி தெரியும். அவருக்கு நீரைத் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேராதபடி பார்த்துக்கொள்வதைத்தான் நாம் படிப்பு என்கிறோம்.

ஐப்பசி மழையில் பெட்டி சூடேறாதே என்பார்கள். ஏறாது, அன்றைக்குக் கீசரைப் போடுங்கள். போர்வெல் நீரில் உப்புப் படியுமே என்பார்கள். படியும், கழற்றிக் கழுவுங்கள். பணமிருந்தால் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. என் சண்டையெல்லாம் 'இது நம் வேலையல்ல' என்கிற அந்த ஒரு வார்த்தையோடுதான்.

வெயிலைத் திட்டுங்கள், பாதகமில்லை. அதனிடம் கொஞ்சம் வேலை வாங்கிவிட்டுத் திட்டுங்கள்.