மியான்மர்: யாருடைய ‘தேசிய நலன்’?

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் இராணுவம் மக்கள் தேர்ந்தெடுத்த கட்சியிடமிருந்து ஆட்சியைப் பறித்தது. மார்ச் 27-இல் தன் ஆயுதப்படை நாளை அணிவகுப்பு நடத்திக் கொண்டாடியது; அதே நாளில் நாடெங்கும் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. அந்த அணிவகுப்புக்குப் பிரதிநிதியை அனுப்பிய எட்டு நாடுகளில் ‘உலகின் மிகப் பெரிய ஜனநாயக நாடு’ம் ஒன்று. ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் 119 நாடுகள் இராணுவத்தைக் கண்டித்து வாக்களித்தன. இந்தியா ஒதுங்கிக்கொண்டது. ‘ஆழ்ந்த கவலை’ மட்டும் அவ்வப்போது தெரிவித்தது.

இந்தக் கொள்கைக்கு வக்காலத்து வாங்குவோர் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, அது அவர்களின் உள்விவகாரமாம். இந்தப் பேச்சு நமக்குப் புதிதா என்ன? சேரி எரியும்போது ‘இது எங்க ஊர்ப் பிரச்சினை, வெளியாள் தலையிடாதே’ என்பவர்கள் யார்? எரிந்த வீட்டுக்காரர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இன்னொன்று, நாம் விலகினால் சீனா நுழைந்துவிடுமாம். சீனா எப்போது வெளியே இருந்தது? ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மர் இராணுவத்துக்குப் போன ஆயுதங்களையும் தளவாடங்களையும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கணக்கெடுத்துக் கொடுத்தார். சீனாவிலிருந்து 26.7 கோடி டாலர், இந்தியாவிலிருந்து 5.1 கோடி டாலர். இந்தியக் கணக்கில் அரசு நிறுவனங்களும் உண்டு. சீனாவைத் தடுத்த இலட்சணம் இதுதான்: அதன் கடைக்குப் பக்கத்தில் நாமும் ஒரு சின்னக் கடை போட்டோம். சரி, இலாபமாவது உண்டா? சிட்வே துறைமுகத்தை மிசோரத்தோடு இணைக்கும் கலாதான் திட்டம் பலெத்வா வழியாகப் போக வேண்டும். அந்த ஊரை 2024 ஜனவரியில் அரக்கான் படை பிடித்துவிட்டது. தளபதிகளோடு கைகுலுக்கி அந்தப் பாதையைத் திறக்க முடியாது.

தப்பி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அப்போதைய மிசோரம் முதல்வர் ஜோரம்தங்கா, இதை ஏற்க முடியாது என்று பிரதமருக்கே எழுதினார். சின் மக்களும் மிசோக்களும் இரத்த உறவினர்கள். எல்லைக்கோடு பின்னால் வந்தது. டெல்லி பணம் தராதபோதும் தேவாலயங்களும் இளைஞர் அமைப்புகளும் அரிசி திரட்டி ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டன.

டெல்லியின் பதில் 2024 பிப்ரவரியில் வந்தது: 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி, தடையற்ற நடமாட்ட ஏற்பாடு இரத்து. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் இராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கை மோடி சந்தித்துப் பேசினார். அவருக்கு வேலி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.